ஊசி இல்லாக் கடலூர்

வாராவாரம் ஒரு சிறப்புப் பேச்சாளரைப் பிடித்து வருவது லேசான காரியமில்லை, ஐயா. கடலூரில் பேசத் தெரிந்தவர்கள் எல்லாரும் எங்கள் கெடிலம் சேவைச் சங்கத்தில் ஏற்கெனவே பேசிவிட்டார்கள். பேசத் தெரியாதவர்கள் இரண்டு தடவை பேசிவிட்டார்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஓட்டல் மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம். கொடி வணக்கம், தலைவர் மணி அடிப்பது, விருந்தினர் அறிமுகம், சிறப்புரை, பொன்னாடை, நன்றியுரை, போண்டா. பாதிப் பேர் போண்டாவுக்காக வருகிறவர்கள். மீதிப் பேர் பொன்னாடைக்காக.

தொலைபேசி இலாகாவில் ஓய்வு பெற்றதிலிருந்து நிகழ்ச்சிப் பொறுப்பு இந்தப் பொன்னுரங்கத்தினுடையது. ஆளைப் பிடிப்பதோடு அறிமுக உரையும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. தீயணைப்பு வண்டி ஓட்டுநர் ஒருவர் வந்தார். இவர் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே நெருப்பு வெட்கப்பட்டு அணைந்துவிடும் என்றேன். மாட்டு டாக்டர் வந்தார். திருப்பாதிரிப்புலியூர் மாடுகள் இவரைக் கண்டால் படுத்திருந்தாலும் எழுந்து நிற்கும் என்றேன். யாரும் நம்பியதில்லை. யாரும் ஆட்சேபித்ததும் இல்லை. சங்கத்து வழக்கம் அப்படி. மேடையில் சொன்னதற்குக் கைதட்டலாம், கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் விருந்தினருக்கு மரியாதைக் குறைவு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் காத்தவராயனைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். போலி டாக்டர் என்று பேப்பரில் படம் வந்திருக்கிறது. தில்லைநாதன் சாவுக்கு அவன்தான் மூளை என்று போட்டிருக்கிறார்கள். படித்ததும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் பல்பொடி விற்றவனுக்கு இவ்வளவு மூளை இருக்குமென்று ஒரு போலீஸ் அதிகாரி நம்பலாமா. அவன் என் கைவேலை, ஐயா. அதனால்தான் ஆட்டோ பிடித்து நானே வந்தேன். ஏட்டய்யா மெதுவாகவே எழுதட்டும், எனக்கு அவசரமில்லை.

சுனாமிக்குப் பிறகு எங்கள் சங்கம் முதுநகர்ப் பக்கத்துப் பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்தது. மெஷின் கொடுத்தால் போதுமா, தைக்கத் தெரிய வேண்டாமா. என் மனைவி சௌந்தரம்தான் மாதக்கணக்கில் பஸ் ஏறிப் போய்ச் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் நான் ஊசி போட்டுவிடுவேன், அவள் இரண்டு இட்லி சாப்பிட்டுக் கிளம்புவாள். நிறைவு விழாவுக்கு அவளையே சிறப்புப் பேச்சாளராகப் போட்டேன். அவள் மேடை ஏறியதே கிடையாது. சமையலறையில் குக்கரைச் சபையாக வைத்துக்கொண்டு பேசிப் பழகினாள். குக்கர் விசிலடித்தால் நான் கைதட்டுவேன்.

அப்போது சங்கத் தலைவர் தில்லைநாதன். முந்திரி வியாபாரி. அவர் கடலூரில் இருமினால் சிதம்பரத்தில் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவு பெரிய குரல். என்னை மச்சான் என்பார், சௌந்தரத்தைத் தங்கச்சி என்பார். அவள் மேடையில் வணக்கம் சொன்னாள். இரண்டு வாக்கியம் பேசினாள். மூன்றாவதுக்கு முன்னால் கொஞ்சம் நின்றாள். தில்லைநாதன் மணியை அடித்துவிட்டார்.

"தங்கச்சி இன்னும் பேசுனா போண்டா ஆறிப்பூடும். அது பேச வேண்டியதெல்லாம் கையாலயே பேசிடுச்சி. எல்லாரும் ஜோரா கைதட்டுங்க" என்றார்.

சபையே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே பொன்னாடையோடு இறங்கி வந்தாள். அதற்கப்புறம் வீட்டில் அவள் குக்கரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்துப் போய்விட்டாள். மாரடைப்பு என்றார் டாக்டர். அவர் அந்த விழாவுக்கு வந்திருக்கவில்லை, அதனால் அப்படிச் சொன்னார்.

நான் அவசரப்படவில்லை. தில்லைநாதனோடு ஒன்றாகச் சாப்பிட்டேன். சிதம்பரம் தேருக்கு அவர் காரிலேயே போய் வந்தேன். அவர் மறுபடி தலைவராக நின்றபோது பெயரை முன்மொழிந்ததும் நானே. அவருக்கும் சர்க்கரைதான். ஊசியைக் கையில் எடுத்தால் சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் சிந்துஜா சிதம்பரத்தில் கல்லூரி ஆசிரியை, விடுமுறைக்குத்தான் வருவாள்.

"மச்சான், இந்தக் குத்துலேர்ந்து எனக்கு ஒரு விடுதல கெடைக்காதா?" என்று ஒரு நாள் கேட்டார்.

மனிதர் தானே வாய்விட்டுக் கேட்கிறார். கேட்டதைச் செய்து கொடுப்பதற்குத்தானே சேவைச் சங்கம்.

காத்தவராயனைப் பண்ருட்டியில் பலாப்பழ லாரிகளுக்கு நடுவில் கண்டேன். சொந்த ஊர் காடாம்புலியூர். ஆளுக்கு நல்ல மீசை, கணீரென்ற குரல். டீ வாங்கிக் கொடுத்தேன்.

"நீ எங்க சங்கத்துல சக்கர வியாதியப் பத்திப் பேசணும்பா."

"சார், எனக்குப் பல்லப் பத்தியே அரகொறையாதான் தெரியும்."

"அது போதும். போன வாரம் எங்ககிட்ட விண்வெளியப் பத்திப் பேசுனவரு விருத்தாசலத்தத் தாண்டுனதில்ல."

"எவனுக்காச்சும் எதுனா ஆயிட்டா சார்?"

"கசாயந்தானப்பா. பலாக்கொழுந்து. உங்க ஊர்ல ஆடு திங்கிறது. எந்த ஆட்டுக்காச்சும் சக்கர வந்து பாத்துருக்கியா?"

அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றான். இப்படித்தான் மருத்துவம் கற்றான். வெள்ளை ஜிப்பா நான் தைத்துக் கொடுத்தது. பொன்னாடை தோளில் விழுந்த பிறகு அவனே தன்னை டாக்டர் என்று நம்ப ஆரம்பித்துவிட்டான், பாவம். அவனை விட்டுவிடுங்கள்.

அன்றைக்கு என் அறிமுக உரையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இவருடைய தாத்தா பலாக்கொழுந்தைக் கொடுத்து ஒரு ஜமீன்தாரின் சர்க்கரையை இறக்கிய வேகத்தில், அரண்மனை எறும்புகளெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஜமீனுக்குப் போய்விட்டன என்றேன். சபை விழுந்து விழுந்து சிரித்தது. வழக்கமான புளுகு. கடைசியில் ஒரு வரி மட்டும் குரலை இறக்கிச் சொன்னேன். "இவரை முன்பே தெரிந்திருந்தால் என் சௌந்தரம் இன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அத்தனை வருடத்தில் அந்த மேடையில் நான் சொன்ன பொய்களில் அவர்கள் நம்பியது அது ஒன்றைத்தான்.

எங்கள் சங்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. கைதட்டு அதிகமாக விழுந்த பேச்சை அடுத்த வாரமே சேவைத் திட்டமாக்கிவிடுவார்கள். சாலைப் பாதுகாப்புப் பேச்சு ஹெல்மெட் திட்டமானது. மரம் வளர்ப்புப் பேச்சு கன்று நடும் திட்டமானது, கன்றுகளை ஆடு மேய்ந்தது வேறு விஷயம். காத்தவராயன் பேச்சு 'ஊசி இல்லாக் கடலூர்' ஆகிவிட்டது. பெரிய பிளெக்ஸ் பேனர், அதில் தில்லைநாதன் கும்பிடுகிற படம். முதுநகரில் முகாம் போட்டுப் பேப்பர் கப்பில் கஷாயம் கொடுத்தார்கள். முகாம் என் யோசனை இல்லை, ஐயா, அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு ஆள். ஆனால் முகாம் வேண்டாமென்றால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் நானும் வரிசையை ஒழுங்குபடுத்தினேன். நிறையப் பேர் கசப்பு தாங்காமல் துப்பிவிட்டார்கள். சில பேர் குடித்தார்கள்.

தில்லைநாதனும் குடித்தார். ஆனால் ஊசியை விடவில்லை. "கசாயம் குடிக்கிறன் மச்சான். ஊசிய வுடுறதுக்குத்தான் பயமா இருக்குது" என்றார். எனக்கு அது பெரிய தொந்தரவாக இருந்தது.

அந்த ஓட்டலில் போண்டா போடுகிறவள் அமிர்தம். அவளும் சர்க்கரைக்காரிதான். ஊசியை நிறுத்திவிட்டுக் கஷாயம் மட்டும் குடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளில் நன்றாக இளைத்துவிட்டாள். ஒரு சனிக்கிழமை அவளை மேடையில் ஏற்றினேன்.

"ஜாக்கெட்லாம் புடிச்சித் தெச்சிட்டன் சார். பொடவ இடுப்புல நிக்க மாட்டேங்குது" என்றாள் வெட்கத்தோடு. கைதட்டு. "தண்ணிதான் ஓயாம கேக்குது. குடிச்சி மாளல."

"கசாயம் வேல செய்யுதும்மா" என்றேன்.

சௌந்தரத்துக்கு வியாதி என்று தெரியாத காலத்தில் அவளும் இப்படித்தான் இளைத்தாள், இப்படித்தான் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். எத்தனையோ வருடம் வீட்டில் ஊசி போட்டவனுக்கு அதற்கு என்ன அர்த்தமென்று தெரியாதா. ஆனால் சபையில் மெலிந்த உடம்பைக் கண்டால் எல்லாருக்கும் பொறாமைதான். தில்லைநாதன் எழுந்து நின்று கைதட்டினார். அந்த வாரமே ஊசியை விட்டார். அமிர்தம் பிறகு நெல்லிக்குப்பத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்கு மேல் நான் செய்தது கொஞ்சம்தான். தில்லைநாதனும் இளைத்தார். பேண்டுக்குப் புது பெல்ட் நான் வாங்கிக் கொடுத்தேன். டாக்டரிடம் போகட்டுமா என்றால், "போனா மறுபடியும் குத்துவாரு" என்பேன். புதுச் செருப்பு காலில் கடித்துப் புண்ணானது.

"வலியே இல்ல மச்சான்."

"வலி இல்லன்னா நல்லதுதான மச்சான்."

வருடக் கடைசியில் 'தானே' புயல் வந்தது. ஊரில் கரண்ட் இல்லை, போன் இல்லை, சிதம்பரத்திலிருந்து சிந்துஜாவால் அப்பாவிடம் பேசவும் முடியவில்லை. சங்கமே தார்ப்பாயும் ரொட்டியும் ஏற்றிக்கொண்டு முந்திரிக் காடுகள் பக்கம் ஓடியது. தலைவருக்கு உடம்பு சரியில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கால் கறுத்துக்கொண்டே வந்தது. சிந்துஜா வந்து சேர்ந்து, சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே காலை எடுத்தார்கள். போதவில்லை.

சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். சிந்துஜா மருந்து வாங்க வெளியே போயிருந்தாள். இத்தனை பாடுபட்டு அவருக்குத் தெரியாமலே போனால் என்ன பிரயோஜனம். நாற்காலியை இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மணியை, பல்பொடியை, ஜமீன் எறும்பை. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "அன்னிக்கு மேடைக்கு முன்னாடி தங்கச்சி எங்கிட்ட வந்துச்சி மச்சான்" என்றார். குரல் காற்றாக வந்தது. "'அண்ணே, எனக்கு நாக்கு ஒட்டிக்கும். நான் தலையில பூவத் தொட்டா மணிய அடிச்சிருங்க. அவரு ரொம்ப ஆசையா இருக்காரு, அவருக்குத் தெரிய வேணாம்'னுச்சி. தொட்டுச்சி. அடிச்சன். நான் சிரிக்க வெச்சதே அதுக்கு அவமானம் ஆவக் கூடாதுன்னுதான்." கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். மறுநாள் இறந்துவிட்டார்.

சௌந்தரம் அன்று பூவைத் தொட்டது உண்மைதான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பூ வைத்த பெண்கள் பூவைத் தொடுவார்கள், அதில் என்ன இருக்கிறது. சாகக் கிடக்கிறவர் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கதை கட்டுகிறார். நானே கதை கட்டுகிறவன், எனக்குத் தெரியாதா. என் மனைவி என்னிடம் சொல்லாததை அவரிடம் சொல்லியிருப்பாளா.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. கேட்கவில்லையே என்று விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை. எழுதுவதை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள்.

தில்லைநாதன் ஊசியை விடத் தயங்கினார் என்றேன் அல்லவா. யாராவது முதலில் விட்டுக் காட்டினால்தான் அவருக்குத் தைரியம் வரும் என்று எனக்குப் புரிந்தது. அந்தச் சமயத்தில் ஓட்டல் அடுப்பங்கரையில் அமிர்தம் என்னிடம் கேட்டாள். "சார், நீங்க படிச்சவங்க. வூட்ல ஊசி போட்டுப் பாத்தவங்க. நான் ஊசிய வுட்டுறட்டுமா? நீங்க சொன்னா வுட்டுறன்." நாலடி தள்ளி தில்லைநாதன் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும்படி, "தாராளமா வுட்டுடும்மா" என்றேன். அவளுடைய பெரிய டாக்டர் நான்தான்.

மகள் வீட்டுக்கு அவள் தானாகப் போகவில்லை. அடுப்படியில் மயங்கி விழுந்தாள், நான்தான் பஸ் ஏற்றி அனுப்பினேன். அங்கே போய்ப் புயலுக்கு முன்பே இறந்துவிட்டாள். மகள் எனக்குத்தான் போன் செய்தாள். அடுத்த சனிக்கிழமை சங்கத்தில், அமிர்தம் பேரப்பிள்ளைகளோடு சுகமாக இருக்கிறாள், ஆள் இன்னும் இளைத்துவிட்டாளாம் என்று சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் தில்லைநாதன் அன்று சாயங்காலமே ஊசியை எடுத்திருப்பார்.

ஆகவே இரண்டு பேர் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. முகாமில் குடித்தவர்களை நான் விசாரிக்கவில்லை. ஆனால் அமிர்தத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை என்பதையும் கூடவே குறித்துவிடுங்கள். தங்கமான பெண்மணி. அவளுக்கு நான் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை.