ஜெர்மன் தட்டும் கீழ்வீட்டுக் கடிதமும்

நோர்வேயின் இந்த ரொம்சோசில் எங்கள் கட்டடத்தைப் போல அமைதியான கட்டடம் வேறு கிடையாது. குடியிருப்புச் சங்கத் தலைவியான உங்களுக்கு அதை நான் சொல்லத் தேவையில்லை. கீழ்வீட்டுக் குணசிங்கம் அண்ணர் ஏன் திடீரென்று வீட்டை விற்கிறார் என்றுதானே கேட்க வந்தீர்கள்? தேநீரைக் குடியுங்கள், சொல்கிறேன்.

என் கணவர் சுரேன் சுரங்க ரயில் ஓட்டுகிறவர். குணசிங்கம் அண்ணர் அவருக்கு ஒரு பழைய இசைத்தட்டை இரவல் கொடுத்தார். ஐம்பது வருடத்துக்கு முன்னர் ஜெர்மனியில் இரண்டு பேர் சேர்ந்து போட்ட முதல் தட்டு. ஒருவர் டிரம்ஸ், மற்றவர் கிட்டார். பத்து நிமிடத்துக்கு ஒரே அடி. ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. எத்தனையோ குழுக்கள் அதைக் கேட்டுத்தான் வாசிக்கப் பழகினவாம். இருக்கட்டும்.

சனிக்கிழமைகளில் இருவரும் எங்கள் சோபாவில் இருந்து வாய் திறக்காமல் தலையாட்டுவார்கள். மற்ற நாட்களில் இவர் தனியே. நான் ஏதாவது சொல்லத் தொடங்கினால் கையை உயர்த்துவார்.

"பொறும், இந்திரா. இப்பதான் வரப்போகுது."

"என்னப்பா வரப்போகுது? பத்து நிமிசமா அதே டங்கு டங்குதானே?"

"ஓம். அதேதான் வரப்போகுது."

இருபத்திரண்டு வருடக் கல்யாணம். சாப்பாட்டு மேசையில் கொஞ்சம் கதை வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன்.

இந்த நாட்டில் அயலவரிடம் குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். ஒரு துண்டு எழுதிக் கதவில் ஒட்டுவார்கள். நானும் நோர்வே மொழியில் மரியாதையாகத் தட்டச்சுச் செய்து எங்கள் கதவிலேயே ஒட்டினேன். 'உங்கள் இசை என் கூரையால் இறங்குகிறது. சனிக்கிழமைகளில் நான் தலையாட்டுவது மரியாதைக்கு மட்டுமே. இப்படிக்கு, கீழ்வீடு.'

இவர் அதை மூன்று தடவை வாசித்தார். பிறகு தட்டை உறையில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"நீரே கொண்டுபோய்க் குடும். எனக்கு அந்தாளின்ர முகத்தைப் பாக்கேலாது."

பொறுப்பு என்னிடம் வந்துவிட்டது. தட்டைத் துணியால் நன்றாகத் துடைத்தேன். ஓவனை எண்பது பாகைக்குத் திருப்பி, ஏழு நிமிடம் வைத்தேன். எடுத்தபோது அப்பளம் போல நெளிந்திருந்தது. ஆறவிட்டுத்தான் உறையில் போட்டுக் கீழே கொண்டுபோனேன்.

"இவர் தந்துவிடச் சொன்னவர்" என்றேன். அது பொய்யில்லை.

குணசிங்கம் அண்ணர் என் முன்னாலேயே பிரித்தார். திராமன் நகரில் முதல் வேலையில் இருந்தபோது வாங்கிய தட்டாம். நான்கு வீடு மாறியும் ஒரு கீறல் விழவில்லையாம்.

"சுரேனே தங்கச்சி இப்பிடிச் செய்தவன்?"

நான் தலையைக் குனிந்தேன். குனிவதும் பொய்யில்லை.

இருவரில் ஒருவர் அந்தப் பதின்மூன்று படிகளை ஏறியோ இறங்கியோ கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் நான் பிடிபட்டிருப்பேன். ஆனால் முப்பது வருடத்தில் இருவருமே நல்ல நோர்வேக்காரர்களாகிவிட்டார்கள். கேட்கவில்லை. அண்ணர் வீட்டை விற்பனைக்குப் போட்டுவிட்டார்.

ஆம், கடிதமும் தட்டும் என் வேலைதான். வேண்டுமானால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் பலனையும் பாருங்கள். நேற்று இவர் மேசையில் இருந்து இரண்டு மணி நேரம் என்னோடு கதைத்தார். முழுக்கக் குணசிங்கம் அண்ணரைப் பற்றித்தான். அவர் சிரிக்கிற விதம், கண்ணை மூடித் தலையாட்டுகிற விதம், அவர் போய்விட்டால் சனிக்கிழமையை என்ன செய்வது என்று. சொல்லச் சொல்லக் கண் கலங்கிவிட்டது.

என்மேல் இவருக்கு எவ்வளவு அன்பு என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.