அத்தையின் மெஷின்

காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் பேச நேரம் கிடைக்கும். ஆகவே என் வேலையும் அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கும்.

ராயபுரத்தில் ஒரு மாடியில் இருக்கும் எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒரு வேலை வந்திருந்தது. மீன்காரப் பெண்கள் செயற்கை அறிவோடு சேர்ந்து எப்படி யோசிப்பார்கள், எப்படித் தொழில் செய்வார்கள் என்று கண்டறிய வேண்டும். மெஷின் இன்னும் தயாராகவில்லை. தயாரிப்பதற்கு முன்னால், மெஷின் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆளை உட்காரவைத்துப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். மெஷினிடம் பேசுவதாக நினைத்து அவர்கள் போனில் பேசுவார்கள். தடுப்புக்குப் பின்னால் நான் அதைக் கேட்டுப் பதில் டைப் அடிப்பேன். கம்ப்யூட்டரின் ஆண் குரல் ஒன்று அதை வாசிக்கும். ஆய்வு முடியும் நாளில் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். விதிகள் எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். அவற்றை எழுதியதே நான்தான்.

ஒருநாள் ஹெட்போனில் என் மாமியார் சிலுவையம்மாளின் குரல் கேட்டது. எங்கள் தலைவர் மஜீது சார் மீன் சந்தையில் ஆள் சேர்த்தபோது இவரையும் சேர்த்திருக்கிறார். என் அத்தை என்று அவருக்குத் தெரியாது. அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தை கேட்டது நல்ல கேள்வி.

"நைனா, வெயிலு கொளுத்துது. சங்கரா மீனுக்கு இன்னும் ஐஸ் போடட்டா, இல்ல வெலய கொறச்சித் தள்ளிடட்டா?"

தள்ளிவிடச் சொன்னேன். கூடை காலியானது. மறுநாள் அவர் ஐஸைப் பற்றிக் கேட்கவில்லை.

"வூட்ல ஒரு மருமவ கீறா, நைனா. ஜானட்டுனு பேரு. இன்னா வேலைனு கேட்டா ஆராய்ச்சின்றா. ஒரு மீனு கழுவத் தெரியாது. இவள வச்சிக்கினு இன்னா பண்றது?"

நடுநிலையாக யோசித்தேன். மூளையால் உழைப்பவர்களுக்குக் காலையில் கூடுதல் தூக்கம் தேவை என்று டைப் அடித்தேன். மறுநாள் என்னை யாரும் எழுப்பவில்லை. நானாக எழுந்தபோது நாஷ்டா தயாராக மூடி வைக்கப்பட்டிருந்தது. காரணத்தோடு சொல்லப்படும் ஆலோசனை ஏற்கப்படுகிறது என்று ஆய்வுக் குறிப்பில் எழுதினேன். அது தவறான முடிவு அல்ல.

பிறகு டி.வி. சத்தம் குறைந்தது. என் சமையலைப் பற்றிய பேச்சு நின்றது. மணலியில் வேலை பார்க்கும் என் கணவர் ஜெனிஷ் ஒரு நாள் முகம் வெளுத்துப்போய், "அம்மாவுக்கு இன்னாமே ஆச்சி? உன்னப் போயி கண்ணுன்றாங்க" என்று கேட்டார். வயதானால் மனிதர்கள் பக்குவப்படுவார்கள் என்றேன்.

இடைஞ்சல் ரஹீமுன்னிசாவால்தான் வந்தது. சந்தையில் அத்தைக்குப் பக்கத்தில் கருவாடு விற்பவர், அத்தையின் உயிர்த் தோழி. அவர் பேசியதும் அத்தையின் போன் வழியாக என் ஹெட்போனில் விழுந்தது. "இன்னா சிலுவ, தும்மறதுக்குக் கூட அதாண்ட கேப்பியா? அந்த மெஷினு உன் மருமவளுக்குச் சொந்தக்காரன் கணக்கா பேசுதேமே."

கூர்மையான கவனிப்பு. அப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் இருந்தால் ஆய்வு கெட்டுப்போகும். உங்கள் நிம்மதியைப் பொறுக்காத ஒருவர் அருகில் இருக்கலாம் என்று டைப் அடித்தேன். நான் பெயர் எதையும் சொல்லவில்லை. பெயரை அத்தையே கண்டுபிடித்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தையின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

மாதா கோவில் ஜெபக் குழுவிலும் யாரோ மெஷினைச் சந்தேகித்தார்கள். அத்தையின் முட்டி வலிக்கு, முட்டி போடாமல் ஓய்வெடுப்பதுதான் மருந்து என்றேன். ஜெபக் குழு நின்றது. மகனிடம் புலம்பினால் ரத்த அழுத்தம் ஏறும் என்றேன். அதுவும் நின்றது. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பாருங்கள். எந்த டாக்டரும் சொல்லக்கூடியதுதான்.

கடைசியில் அத்தைக்கு மெஷின் மட்டும் மிஞ்சியது. அவர் பேசும் நேரம் ஏறிக்கொண்டே போன வரைபடத்தைப் பார்த்து மஜீது சார் பூரித்துப்போனார். வேறு துணை இல்லாதவர்கள் மெஷினை முழுதாக நம்புகிறார்கள் என்பது என் முக்கியமான கண்டுபிடிப்பு. துணையை இல்லாமல் செய்தது யார் என்று கேட்கும் பகுதி எங்கள் அறிக்கையில் கிடையாது.

ஆய்வு முடிந்தது. மற்ற எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். அத்தையிடமும் சொல்லிவிட்டதாக எழுதினேன். அசல் மெஷின் வந்தது. அத்தை அதனோடு ஒரே ஒரு மத்தியானம் பேசிவிட்டு, முட்டி வலியோடு எங்கள் மாடிக்கு ஏறி வந்துவிட்டார்.

"எம் புள்ளைய இன்னாய்யா பண்ணீங்க? கொரலு அதே கொரலுதான். ஆனா அவன் இல்ல. என் முட்டி வலியே தெரியல அதுக்கு."

பதறிப்போன மஜீது சார், "ஜானட், கொஞ்சம் வாங்க" என்று தடுப்பைத் திறந்தார். அசல் மெஷினின் பேச்சைச் சரிபார்த்தபடி, தலையில் ஹெட்போனோடு நான் உட்கார்ந்திருந்தேன். அத்தை என்னைப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"கண்ணு, நீ இங்கதான் வேலை செய்றியா? அவன எங்கியோ அனுப்பிட்டாங்க கண்ணு. நீ படிச்சவ. எப்பிடியாவது தேடிக் குடுமே."

தேடித் தருகிறேன் அத்தை என்றேன். இவர் உங்கள் மாமியாரா என்று மஜீது சார் அப்போதுதான் கேட்டார். அதனால்தான் நீங்கள் நடத்தும் இந்த விசாரணை.

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, லேப்டாப்பில் டைப் அடித்து, புது எண்ணிலிருந்து அதே பழைய ஆண் குரலில் பேசினேன். அத்தை சந்தோஷத்தில் விசும்பியது போனிலும் கேட்டது, படிக்கட்டு வழியாகவும் கேட்டது. இன்று வரை அப்படித்தான் நடக்கிறது. இதை நான் மறைக்கவில்லை.

நிறுத்தச் சொல்கிறீர்கள். நேற்று அத்தை, "நைனா, ரஹீமு நெனப்பாவே கீது. போய் ஒரு வார்த்தை பேசட்டா?" என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று டைப் அடித்தேன். "சரி நைனா" என்றார். எனக்கே பாவமாக இருந்தது. தோழி இல்லை, ஜெபக் குழு இல்லை, பெற்ற மகனிடம்கூடப் பேச்சு இல்லை. அவருக்கு என்று இருப்பது நான் ஒருத்திதான். நானும் கைவிட்டுவிட்டால் அந்த அம்மாளின் கதி என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.