பாலத்துக்குப் பதினைந்து புள்ளி

கேள்விக்குப் படம் தேர்ந்தெடுப்பது நீங்கள் நினைப்பதுபோல் சுலபமான வேலை இல்லை, இன்ஸ்பெக்டர். முழுப் படத்தையும் போட்டால் நொடியில் விடை வந்துவிடும். ரொம்பவும் வெட்டினால் ஆட்களுக்கு எரிச்சல் வரும். படிக்கட்டின் ஒரு மூலை, கூரைத் தகரத்தின் விளிம்பு, அவ்வளவுதான் காட்ட வேண்டும். ஈப்போவில் ஒரு ஃபோட்டோ கடையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். எதை வெட்டுவது, எதை விடுவது என்பது கைக்குப் பழகிப்போன விஷயம்.

தமிழில் எழுதுவது வசதி என்றால் எழுதிக்கொடுங்கள் என்று காகிதம் தந்தீர்கள். நன்றி. என் பெயர் உடையப்பன். வயது அறுபத்தெட்டு. புந்தோங்கில் மகன் தனேஷ் வீட்டில் இருக்கிறேன். பிறந்தது சிலிம் ரிவர் பக்கம், கம்பிப்பாலத் தோட்டத்தில். ஆற்றின் மேல் கம்பியில் தொங்கிய பலகைப் பாலத்தால் வந்த பெயர் அது. கித்தா என்கிற ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோது சனங்கள் திசைக்கொருவராய்ப் போய்விட்டார்கள். அவர்களையெல்லாம் சேர்த்து வாட்சப்பில் குழு ஆரம்பித்தவன் நான்தான். எண்பத்து நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு பழைய படத்தின் துண்டைப் போடுவேன். முதலில் சரியாகச் சொன்னவருக்குப் பத்துப் புள்ளி. அந்த இடத்துக்கே போய் இன்றைய படம் எடுத்து அனுப்பினால் மேலும் ஐந்து.

தேவன்தான் எப்போதும் முதல். அவன் தோட்டத்துப் பக்கத்திலேயே, மகள் தினேஸ்வரி வீட்டில் இருந்தான். மனைவி விமலா தவறிவிட்டாள். படம் விழுந்த அரை நிமிடத்தில் அவன் குரல்பதிவு வந்துவிடும். "இது நம்ம ஸ்டோர் வாசப்படிலா, மச்சான். இந்தா போறேன், எடுத்து அனுப்புறேன்." நானும் அவனும் ஒரே லயத்து, தோட்டத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள். சின்ன வயதில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே பையன் அவன்தான். அதை நான் மறக்கவில்லை.

போன வருடக் கடைசியில் தினேஸ்வரி எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, அப்பாவுக்கு ஞாபக மறதி நோயுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தனியா வெளிய விடக்கூடாதாம். கேம்ல அவரப் படம் எடுக்க மட்டும் அனுப்பாதீங்க மாமா. வீட்டுலருந்தே பதில் சொல்லட்டும், அது மூளைக்கு நல்லதுன்னு டாக்டரே சொன்னாரு."

சரி என்றேன். அன்றே அந்த ஐந்து புள்ளியை எடுத்துவிட்டேன். குழுவில் யாரும் காரணம் கேட்கவில்லை.

அதன் பிறகு நடந்த தவறு என்னுடையதுதான். மாசி மாதம் அப்பாவின் திதி வந்தது. அவர் பெயர் சீனி. எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் அவருடைய படத்தைக் கேள்வியாகப் போட்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளைச் சட்டையோடு நிற்பார், இடுப்பு வரைக்கும்தான் தெரியும். அவர் அங்கே டிரஸ்ஸராக இருந்தார், மருந்து கொடுத்தார், ஊசி போட்டார் என்றுதான் என் மனைவி வீட்டில் சொல்லிக் கல்யாணம் செய்தேன். தனேஷுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தேன். பத்துமலை என்ற என் சம்பந்தி வீட்டிலும் அதுதான் பேச்சு. அவர்கள் எல்லாரும் குழுவில் இருந்தார்கள், நானேதான் சேர்த்திருந்தேன். அப்பாவை அறிந்த பெரியவர்கள் ஒருவரும் உயிரோடு இல்லை; குழுவில் மற்றவர்கள் அவர் காலத்துக்குப் பின் வந்த இளையவர்கள். தேவனுக்கோ எல்லாம் மறந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த நோய் புதியதைத்தான் முதலில் தின்னும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

தேவன் பதில் சொன்னான். தன் வீட்டு ஆல்பத்திலிருந்த அதே படத்தைப் போனில் எடுத்து முழுசாகப் போட்டான். நான் வெட்டி எறிந்த கீழ்ப்பாதி அதில் இருந்தது. ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் விளக்குமாறு. "நம்ம சீனி மாமாலா இது. லயத்துல கக்கூஸ் வாளி எடுப்பாரே. அந்தச் சட்டைகூட டிரஸ்ஸரு கழிச்சுக் குடுத்தது. எங்கம்மா தெனமும் அவருக்குத் தேத்தண்ணி குடுக்கும். தங்கமான மனுசன்." குரலில் அவ்வளவு சந்தோஷம்.

பத்துமலை தனியாகக் கேட்டார், "என்னா சம்பந்தி, என்னமோ சொல்றாரு?" தேவனுக்கு மூளை கலங்கிவிட்டது, ஆளை மாற்றிச் சொல்கிறான் என்று சமாளித்தேன். அவர் நம்பினாரா தெரியாது. மருமகள் ஷர்மினி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அதனால என்னா மாமா, இப்ப யாரு இதெல்லாம் பாக்குறா" என்று சிரித்தாள். ஆனால் அன்று என் தம்ளரை அவள் இரண்டு முறை கழுவினாள். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு கோயில் தூணின் படம் போட்டேன். தேவன் மறுபடி சீனி மாமாவைப் பற்றியே பேசினான். அதற்கடுத்த வாரமும் அப்படியே. அவனிடம் வன்மம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் பெரிய தொந்தரவு. வன்மம் பிடித்தவனை மிரட்டலாம், காலில் விழலாம். இவனிடம் என்ன சொன்னாலும் மறுநாள் நினைவிருக்காது, என் அப்பாவைத் தவிர.

எனக்கு அப்பாவைப் பற்றி வெட்கம் கிடையாது. அதைத் தெளிவாகவே எழுதுகிறேன். ஊருக்கு எதற்கு என்பதுதான் என் எண்ணம்.

பிறகு அவனுக்கு மட்டும் தனியாகப் படங்கள் அனுப்பத் தொடங்கினேன். வயதான விமலாவின் படத்தை அனுப்பியபோது, "இந்தக் கெழவி யாரு மச்சான்" என்றான். முப்பது வயது விமலாவை அனுப்பினேன். "ஏன், என் பொண்டாட்டிதான். பால் எடுக்க மரஞ்சீவப் போயிருக்கா, வர்ற நேரம்" என்றான். பள்ளிக்கூடத்தை டவுனுக்கு மாற்றிய விஷயம் அவனிடம் இல்லை. தோட்டத்தை மூடியதும் இல்லை. ஆறு வாரத்தில் அவனுக்குள் எந்த வருடம் வரை இருக்கிறது என்று ஏறக்குறைய கண்டுபிடித்துவிட்டேன். கடைசியாகப் பாலத்தைப் பற்றிக் கேட்டேன். "காலையிலகூட அதுல நடந்துதான வந்தேன்" என்றான்.

பத்து வருடத்துக்கு முன் வெள்ளத்தில் அந்தப் பாலம் போய்விட்டது. அந்தச் செய்தியைக் குழுவில் படத்தோடு போட்டவனே தேவன்தான். இந்தக் கரையில் சிமெண்டுப் படி இருக்கிறது, ஏறினால் உளுத்த பலகை ஏழெட்டு, மேலே கொடி படர்ந்து மூடியிருக்கும். அதற்கப்பால் வெறும் கம்பி, கீழே பாறை.

அதற்கடுத்த ஞாயிறு தினேஸ்வரிக்குப் பகல் ஷிஃப்ட் என்று அவளே சொல்லியிருந்தாள். காலை ஒன்பதரைக்குப் பாலத்தின் பழைய படத்தை அவனுக்கு அனுப்பினேன். நடுப்பாலத்தில் நின்று ஒரு படம் எடு, பதினைந்து புள்ளி என்று குரலிலும் சொன்னேன். ஒரே படத்தை ஏன் மூன்று முறை அனுப்பினீர்கள் என்று கேட்டீர்கள். சட்டை மாட்டுவதற்குள் மறந்துவிடுவான், அதனால்தான்.

பத்தேகாலுக்கு அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. முதல் பலகையில் அவனுடைய செருப்புக் கால்கள் இரண்டும், சுற்றிலும் பச்சைக் கொடியும். "இது போதுமா மச்சான்? பலக ஒரு மாதிரி ஆடுது." அந்த நேரத்தில் அவனைக் கூப்பிட்டுத் திரும்பி வரச் சொல்லியிருக்கலாம் என்றீர்கள். சொல்லியிருக்கலாம். "இன்னும் கொஞ்சம் முன்னால போ" என்றேன். அது அவன் போனிலேயே இருக்கிறது, நீங்களும் கேட்டிருப்பீர்கள். பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காப்பியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

காரியத்துக்குப் போனேன். தினேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்கு நீங்க ஒருத்தர்தான் மாமா கடைசிவரைக்கும் பேச்சுத் துணை" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. நடிப்பில்லை. என் வீட்டில் சாப்பிட்டவன் அவன்.

ஆகவே, தேவனைக் கொன்றது நான்தான். தெரிந்தே செய்தேன். யாரும் தூண்டவில்லை. இதில் ஒரு வரியும் பொய் இல்லை.

படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்று சொன்னீர்கள். தகப்பனார் தொழில் என்ற இடம் மட்டும் மிச்சமிருந்தது. நிரப்பிவிட்டேன்: தோட்டத்து டிரஸ்ஸர்.