பெஞ்சோடு கட்டிய லைஃப் ஜாக்கெட்

தீவுக்குப் போகும் படகில் எனக்கு முன்னால் சாயர்புரத்துப் பெண் ஒருத்தி மகளோடு இருந்தாள். துறைமுகத்தைத் தாண்டியதும் காற்று ஏறியது. பெஞ்சுக்கு அடியில் கிடந்த லைஃப் ஜாக்கெட்டை இழுத்தாள். வரவில்லை.

"இத ஏன் பெஞ்சோட சேத்துக் கட்டியிருக்கிய, அண்ணாச்சி?"

"கட்டாட்டி களவு போயிருதும்மா," என்றார் படகு ஓட்டுகிறவர்.

"படகு கவுந்தா இதுவும் பெஞ்சோடல்லா போவும்?"

"கடல்ல இருந்துக்கிட்டு அந்தப் பேச்சு ஆவாது."

"நீச்சல் தெரியாதாக்கும்?" என்று பின்னால் ஒருவர் சிரித்தார்.

"எனக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரியாது."

அலை ஒன்று படகுக்குள் விழுந்தது. பிறகு யாரும் சிரிக்கவில்லை. படகுக்காரர் கரையைத் திரும்பிப் பார்த்தார். இடுப்பில் இருந்த கத்தியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"மொதல்ல பிள்ளைக்குள்ளத அறுங்க. பொறவு எல்லாத்தையும் அறுத்துருங்கம்மா."