ஆவணியில் நோகப்போகும் முழங்கால்

“இந்தப் படிவத்தை ஆவணி பிறக்கத்தான் குடுப்பன், அண்ணை. மனிசியை இஞ்சை கூப்பிட ஆடியிலை குடுத்த கடிதம் இரண்டு வருசமாக் கிடக்குது.”

வெளிநாட்டு நகரமான ஹொல்ஸ்டெப்ரோவில், பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுக்காரர் சொன்னார். இறைச்சித் தொழிற்சாலையில் முழங்கால் பழுதாகி, அரசாங்க அலுவலகத்தில் உதவிப்பணம் கேட்கப்போகிறாராம்.

அவர் பக்கத்திலிருந்த மூத்தவர் அந்த நாட்டுப் படைமுகாமில் துப்புரவு வேலை செய்பவர்.

“எங்கடை முகாம் சார்ஜன்ட், கால் பழுதாகிப் படையை விட்டவன், ரோசத்திலை ஒரு வருசம் உதவிப்பணம் கேக்கேல்லை. கடைசியிலை, கால் போன நாளுமில்லை, படையை விட்ட நாளுமில்லை, கடிதம் குடுத்த நாளிலையிருந்துதான் கணக்குப் பாத்துக் காசு குடுத்தவங்கள். உன்ரை முழங்காலும் ஆவணியிலதான் நோகத் தொடங்கினது எண்டு எழுதுவாங்கள்!”

முழங்கால்காரர் உடனே இறங்குவதற்கு மணியை அழுத்தினார்.

“டேய், இப்ப ராகுகாலமெல்லே!”

“அது ஊரிலை, அண்ணை. இஞ்சை மூண்டு மணிக்குக் கந்தோர் பூட்டிப்போடுவாங்கள்.”