மூடியின் மேல் போட்ட கதிரை

லீவு நாளில் வேலைக்குப் போவது எனக்குப் பிடிக்கும். பௌர்ணமிப் போயா விடுமுறை என்றால் துறைமுக வீதியில் லொறி ஓடாது, தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வராது, வேலைத்தலம் கழுவிவிட்ட குசினி மாதிரிக் கிடக்கும். நான் ஒழுங்கை விரும்புகிறவன் ஐயா. அதை முதலில் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

அங்கே ஒரு களஞ்சியசாலை கட்டுகிறோம். ஒப்பந்தகாரரின் ஆட்கள் வேலை நேரத்துக்கு வெளியே வந்தால் அவர்களோடு நின்று பார்ப்பது என் பொறுப்பு. போன மாதம் ஒரு ஞாயிறு அனுமதி எடுக்காமல் ஆட்களை இறக்கினேன். ஒரு மேசன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். இன்னொரு முறை நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று கம்பனி சொல்லிவிட்டது. இத்தனை வருட உழைப்புக்கு அதுதான் மரியாதை. எனக்கு அது சுட்டது. இன்றைக்கும் சுடுகிறது.

ஆனால் நிலத்தடித் தண்ணீர்த் தாங்கியின் உட்பூச்சு முடியவில்லை. மறுநாள் தண்ணீர் நிரப்ப வேண்டும். பிந்தினாலும் என் தலைதான் உருளும். ஆகவே போயா அன்று காலை கிண்ணியாவிலிருந்து முனீபை வரச் சொன்னேன். அவர் பூச்சு வேலைக்காரர், அதிகம் பேசாதவர். அனுமதி கேட்டால் மறுப்பார்கள் என்று தெரியும். நான் கேட்கவில்லை.

தாங்கிக்குள் இறங்குகிறவரின் இடுப்பில் கயிறு கட்டுவோம். மறுநுனியை மேலே இருக்கிறவர் தன் கணுக்காலில் கட்டிக்கொள்வது எங்கள் தளத்து வழக்கம். கையில் பிடித்தால் பராக்குப் பார்த்து விட்டுவிடலாம், காலில் இருந்தால் தப்பாது. கீழே கரைச்சல் என்றால் அவர் இழுப்பார், இவர் தூக்க வேண்டும். பூச்சின் மணம் பொல்லாதது. புளோவர் ஒன்று குழாய் வழியே காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. கயிற்றின் மறுநுனி என் கணுக்காலில் இருந்தது. எல்லாம் முறைப்படிதான் செய்தேன்.

அப்போது கீர்த்தனியின் வாகனம் கேற்றடியில் வந்து நின்றது. கம்பனியின் பாதுகாப்பு அதிகாரி அவர். என்னை எச்சரித்தவரும் அவர்தான். நான் புளோவரை நிறுத்தினேன். குழாயை இழுத்தெடுத்துவிட்டு உள்ளே குனிந்தேன்.

"முனீப், மேடம் வந்திட்டா. கொஞ்ச நேரம் மூடப்போறன், சத்தம் போடாதேங்கோ."

"சரி சேர். கெதியாத் திறங்கோ, மணம் தலைக்கு ஏறுது."

இரும்பு மூடியை இழுத்துப் போட்டேன். அதன் விளிம்பிலிருந்த இடுக்கு வழியாகக் கயிறு வந்தது, காற்சட்டை அதை மறைத்தது. மூடியின் மேல் கதிரையைப் போட்டு அமர்ந்தேன்.

கீர்த்தனி கோணேசர் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்தவராம், நெற்றியில் திருநீறு இருந்தது.

"லீவு நாளிலயும் வந்து காவல் இருக்கிறியளோ, தவராசா அண்ணை? தாங்கிக்குள்ள ஒருத்தரும் இல்லைத்தானே?"

"இல்லை மேடம். இண்டைக்கு ஆர் வருவினம்?"

பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். "அண்டைக்கு உங்களோட கடுமையாக் கதைச்சுப்போட்டன். மனசில வைச்சிருக்காதேங்கோ" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நேரம்தான் கயிறு முதல் தடவையாக இழுபட்டது.

பரவாயில்லை மேடம் என்றேன்.

முனீப் கத்தவில்லை. சொன்ன சொல்லை மதிக்கிற மனிதர். இழுக்க மட்டும் செய்தார், முதலில் மெல்ல, பிறகு என் பாதம் நகருமளவுக்கு. மற்றக் காலால் கயிற்றை மிதித்துக்கொண்டு, கீர்த்தனி தேநீரைக் குடித்து முடிக்கும்வரை கதைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வீட்டுக்குப் போன பிறகு அவராகவே வந்து இறங்கியிருக்கிறார் என்று முனீபின் மனைவி அசனாவிடம் சொன்னேன். பொலிசில் முதல் வாக்குமூலம் எடுத்தபோது உங்களிடமும் அதையே சொன்னேன். என் கணுக்காலில் கயிறு அறுத்த காயத்தை நீங்கள் கண்டபிறகு, கீர்த்தனி நின்றதால் திறக்க முடியவில்லை என்றேன். அதுவும் சரியில்லை.

கீர்த்தனியின் வாகனம் கேற்றைத் தாண்டிப் போனபோதும் கயிறு இழுபட்டுக்கொண்டுதான் இருந்தது. பலம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். தூக்கினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே கேள்வி கேட்பார்கள். முனீபுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நான் யோசித்துப் பார்த்தேன், பிறகு கதிரையிலேயே இருந்தேன். கயிறு முழுதாக ஓயும்வரை எழும்பவில்லை.

எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அந்த மனிதரைத் தனியே விட்டுவிட்டுப் போனேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.