முனியப்பன் யார் பிள்ளை?

— நீங்க இன்னா சொன்னாலும் சரி கம்பவுண்டரே, சனிக்கெழம என் புள்ள கோல்ல நிக்க மாட்டான். முன்னால ஓட வுடுங்க. இல்லன்னா ஆளையே வுட்டுடுங்க.

— ராஜப்பாண்ணே, மைசூர் மைன்ஸ்காரங்களோட கடைசி புட்பால் ஆட்டம். முனியப்பன் இல்லாம நம்ம நந்திதுர்க் சுரங்க டீம் எறங்கவே முடியாது. கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

— இன்னாத்த கேக்கறது? எங்கப்பன் தபால் ஓட்டக்காரன். இந்த ஊருக்கு ரயிலே வராத காலம். ஈட்டியில மணி கட்டிக்கினு காட்டு வழியில ஓடுவாரு, சிறுத்தை கூட ஒதுங்கி வழி வுடும். நானும் அதே பையத் தூக்கிக்கினு ஓடினவன்தான். அந்த வம்சத்துல பொறந்தவன் ரெண்டு கம்பத்துக்கு நடுவுல சோளக்கொல்ல பொம்ம மாதிரி நிக்கிறதா? ஷிப்டு முடிஞ்சு வர்றவனுங்க கேக்கறானுங்க, இன்னா ராஜப்பா, உன் புள்ள கால்ல ஆணியான்னு!

— நான் கோச்சா வர்றதுக்கு முன்ன அவன் முன்னாலதானே ஓடினான்? ஏழு ஆட்டம். ஏழுலயும் தோல்வி.

— அது... பந்து சரியா வர்ல.

— யோவ், பந்து வந்துது. காலுதான் வர்ல. தடுக்கித் தடுக்கி வுழுந்தான். முட்டிக்கு மஞ்சப் பத்து போட்டவ நான்.

— பாப்பம்மா, நீ போயி மோர் கொண்டா.

— கொண்டாந்து வச்சிட்டுதான் பேசறேன். குடிங்க கம்பவுண்டரய்யா.

— இருக்கட்டும் அண்ணி. அண்ணே, நான் புதுசா ஒருத்தனையும் சேக்கல. அதே பதினோரு பேரு. சின்னசாமியோட அப்பா ஆடு மேய்ச்சவரு. மந்தையில எது எப்பப் பிரிஞ்சு ஓடும்னு அவனுக்குத் தெரியும், நடுவுல வச்சேன். முனியப்பனை கோலுக்கு அனுப்பினேன். அப்புறம் அஞ்சு ஆட்டம், அஞ்சும் ஜெயம். போன வாரம் பத்தடியில இருந்து அடிச்ச பந்தைக் குருவி புடிக்கிற மாதிரி புடிச்சானே, பாத்தீங்களா?

— நான் அந்தப் பக்கமே வர்ல.

— நான் வேலியண்ட நின்னு பாத்தேன்யா. பந்து வந்ததும் கைய வயித்துக்கு இழுத்துக்கினு பின்னால சாஞ்சான். அப்பிடித்தான் புடிக்கணும். வெறப்பா நின்னா வெரலு ஒடிஞ்சிடும்.

— உனக்கு இன்னாடி தெரியும்?

— நல்லா கேட்ட போ! தொரமாரு பங்களா கட்டறப்ப கீழேர்ந்து செங்கல்ல வீசுவாங்க, நான் சாரத்து மேல நின்னு புடிப்பேன். ரெண்டு ரெண்டா. அப்ப முனியப்பன் வயித்துல எட்டு மாசம். தவற வுட்டா கீழ இருக்கறவ மண்ட போயிடும். இன்னிவரைக்கும் ஒரு கல்லு வுட்டதில்ல.

— சித்தாள் வேலைன்னா மண்ணு சொமக்கறதுன்னு இல்ல நெனச்சிக்கினு கீறேன்! என்கிட்ட நீ சொன்னதே இல்லியே?

— எங்க சொல்றது? ஒங்கப்பன் சிறுத்த கத முடிஞ்சாதானே.

— சிரிக்காதீங்க கம்பவுண்டரே... சரி, வுடுங்க. நிக்கட்டும். சனிக்கெழம நானும் வந்து பாக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லுங்க. ஓடத் தெரியாம வுழுந்துக்கினு இருந்தவன், பந்தக் கையால தொட்டதே இல்ல. அவனுக்கு இப்பிடி ஒரு கை இருக்குதுன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சிது?

— நான் ஊருக்கு வந்த மொத வாரம், ஆஸ்பத்திரிக்குப் பின்னால சுவர் எழுப்பிக்கிட்டு இருந்தாங்க அண்ணே. சாரத்து மேல ஒரு அம்மா, பேச்சை நிறுத்தாம கல்லைப் புடிச்சாங்க. அந்த அம்மாவுக்கு ஆம்பளப் புள்ள இருக்கான்னு அன்னிக்கே விசாரிச்சேன்.